எண்ணெய் ஒட்டாத வலை! மீன் செதிலைப் பார்த்துச் செய்தார்கள்

எண்ணெய் மிதக்கும் தண்ணீரில் மீன் நீந்துகிறது. ஆனால் அதன் செதிலில் எண்ணெய் ஒட்டுவது இல்லை. ஏன்?

சீனாவின் தலைநகரான பெய்ஜிங்கில் ஜியாங் லெய் என்ற விஞ்ஞானியும் அவருடைய கூட்டாளிகளும் இதை ஆராய்ந்தார்கள். 2009-ம் ஆண்டில் விடையை வெளியிட்டார்கள்.

இந்த ஆராய்ச்சி எதற்கு?

எண்ணெய்க் கிணற்றில் இருந்து எண்ணெய் மட்டும் வருவது இல்லை. உப்புத் தண்ணீரும் சேர்ந்து வருகிறது. பல பழைய கிணறுகளில் எண்ணெயைவிடத் தண்ணீரே அதிகம்! அதை அப்படியே வெளியே விட்டால் மீன் சாகும்; குடிநீர் கெடும்.

மேலே மிதக்கும் எண்ணெயை, குழம்பில் வழிப்பதுபோல வழித்துவிடலாம். எண்ணெய் பொடித் துளிகளாகக் கலந்துவிட்டால்? தண்ணீர் பால்போல் வெளுத்துவிடும். லேசில் பிரியாது. அதற்காகவே சவ்வு வடிகட்டி இருக்கிறது. கண்ணுக்குத் தெரியாத துளைகள் கொண்ட மெல்லிய சவ்வு அது. தண்ணீர் போகும், எண்ணெய் நிற்கும்.

நின்ற எண்ணெய் சும்மா இருக்குமா? சவ்வில் ஒட்டிக்கொள்ளும். துளைகளை அடைக்கும். உடனே எந்திரத்தை நிறுத்த வேண்டும். ரசாயனம் போட்டுக் கழுவ வேண்டும். கடைசியில் சவ்வையே மாற்ற வேண்டும். செலவோ செலவு!

தாமரை இலை வழி

2004-ல் ஜியாங் லெய் குழுவினர் கம்பி வலைக்கு டெப்லான் பூச்சுப் பூசினார்கள். தாமரை இலைபோல அது தண்ணீரை ஒட்டவிடாது. எண்ணெயை மட்டும் கீழே விடும். நல்ல யோசனைதான். ஆனால் கனமான தண்ணீர் அடியில் தங்கி வலையை மறைத்துக்கொள்ளும். எண்ணெய் மேலேயே நிற்கும். வலையில் எண்ணெய்ப் பிசுக்கும் ஏறும்.

மீன் வழி

மீன் செதில் இதற்கு நேர் எதிர். அது தண்ணீரை இழுத்துப் பிடித்துக்கொள்கிறது. செதிலின் மேடு பள்ளங்களில் தண்ணீர் தங்கி, ஒரு போர்வைபோல மூடுகிறது. எண்ணெய் வந்து தொடுவது செதிலை அல்ல, அந்தத் தண்ணீரைத்தான்! மீனை வெளியே எடுத்து உலரவிட்டால் எண்ணெய் நன்றாகவே ஒட்டும். மீன் வறுக்கும் தாய்மார்களுக்கு இது தெரியாததா?

2011-ல் அதே குழுவினர் எஃகு வலையில், தண்ணீரை உறிஞ்சிக் கூழ்போல் ஊறும் பாலி அக்ரிலமைடு என்ற பொருளைப் பூசினார்கள். முதலில் வலையை நனைத்தார்கள். பிறகு எண்ணெய் கலந்த தண்ணீரை ஊற்றினார்கள். தண்ணீர் தானாகவே கீழே இறங்கியது. பெட்ரோல், டீசல், சமையல் எண்ணெய் எல்லாம் மேலே நின்றன. பிசுபிசுப்பான கச்சா எண்ணெய்கூட நின்றது! வலையைக் கழுவுவதும் எளிது.

வலையின் கண்கள் பெரியவை. பொடித் துளிகள் நழுவிவிடும். ஆகவே மிக நுண்ணிய சவ்வுகளுக்கும் இதேபோன்ற தண்ணீர்ப் போர்வை போர்த்த, பல நாடுகளில் முயல்கிறார்கள். கழிவு நீரில் சோப்பு கலந்திருந்தால் போர்வை இருந்தும் அடைப்பு வருகிறது. அடைப்பு மெதுவாக வருகிறது என்பதே இப்போதைக்கு லாபம்.