இரு நீலக் குருவிகள்

கொடைக்கானல் சோலைக்காட்டு ஓரத்தில் நீலநிறச் சிறு குருவியொன்று கிளையிலிருந்து பாய்ந்து, பூச்சியைக் கவ்விக்கொண்டு மீண்டும் அமர்ந்தால், அது பெரும்பாலும் ஓர் ஈப்பிடிப்பானே. ஆனால் எந்த ஈப்பிடிப்பான்?

1840-இல் ஜெர்டன் அறிவியல் உலகிற்கு அறிமுகப்படுத்திய நீலகிரி ஈப்பிடிப்பான், மேற்குத் தொடர்ச்சி மலையின் தென்பகுதிக்கே உரியது. ஆண்டு முழுவதும் இங்கேயே வாழ்வது. வெர்டிட்டர் ஈப்பிடிப்பானோ இமயமலைப் பக்கமிருந்து வரும் குளிர்கால விருந்தாளி.

ஆண் பறவைகளை இனங்காணும் வழிகள்:

1. நிறம்: நீலகிரிப் பறவை கருநீலம், வெர்டிட்டர் பச்சை கலந்த வெளிர்நீலம். நிழலில் இந்த வேறுபாடு நம்மை ஏமாற்றும்.

2. முகம்: வெர்டிட்டரின் அலகுக்கும் கண்ணுக்கும் இடையே மை தீட்டியதுபோல் கறுப்புத் திட்டு பளிச்சிடும்.

3. வால்: நீலகிரிப் பறவை பறக்கும்போது வாலின் அடியில் இருபுறமும் வெள்ளைத் திட்டுகள் தெரியும். இதன் அறிவியல் பெயரிலுள்ள ‘அல்பிகாடாட்டஸ்’ என்பதன் பொருளே ‘வெள்ளை வாலுடையது’. வெர்டிட்டருக்கு இவ்வெள்ளை இல்லை.

ஆகவே, தோழியரே, நிறத்தை மட்டும் நம்பாமல், பறவை பறக்கும்வரை பொறுத்திருந்து வாலைப் பாருங்கள். பிறகு பெயரையும் நாளையும் குறித்துவையுங்கள். விருந்தாளிக்கு வேறு இருப்பிடம் உண்டு. சோலைகள் அழிந்தால் வீட்டுக்குரியவனுக்குப் போக்கிடம் ஏது? யார் எங்கே வாழ்கிறார் என்று சரியாக அறிவதே காப்பதன் முதற்படி.