முதலாவதாக வருவது எது?

‘சித்திலெப்பை’ என்று சேர்த்து எழுதித் தேடுகிறவருக்கும் ‘சித்தி லெப்பை’ என்று பிரித்து எழுதித் தேடுகிறவருக்கும் ஒரே பட்டியல்தான் வரவேண்டும் என்று கட்டாயம் ஏதுமில்லை. ‘சித்தி லெவ்வை’ என்று எழுதினால் இன்னொன்று வரலாம். 1885இல் வெளிவந்த அவருடைய நாவலைத் தேடினால் சிக்கல் இன்னும் கூடும். ஓரிடத்தில் அது ‘அசன்பே சரித்திரம்’, இன்னோரிடத்தில் ‘அசன்பேயுடைய கதை’. ஆய்வுக்கென்று வரும் மாணவர்கள் பலர் முதல் பக்கத்தில் வந்த நாலைந்து முடிவுகளோடு திரும்பிவிடுகிறார்கள். “வேற ஒண்டுமில்ல சேர்” என்பார்கள். இல்லை என்பது வேறு, மேலே வரவில்லை என்பது வேறு. இந்த வேறுபாடு எங்கிருந்து வருகிறது என்பதைத்தான் இங்கே சொல்லப் பார்க்கிறேன்.

ஆரம்பகாலத் தேடல் முறைகளுக்கு இரண்டே விடைதான் தெரியும்: கேட்ட சொல் இந்த ஆவணத்தில் உண்டு, அல்லது இல்லை. உண்டு என்றவை எல்லாம் ஒரு குவியலாக வந்து விழும். ஆயிரம் வந்தால் ஆயிரத்தையும் வாசிக்க யாருக்கு நேரம்? அப்போதுதான் வரிசைப்படுத்தல் தேவைப்பட்டது. அதற்கு அடிப்படையான ஒரு கருத்தை 1972இல் கேம்பிரிட்ஜைச் சேர்ந்த கேரன் ஸ்பார்க் ஜோன்ஸ் என்ற பெண்மணி முன்வைத்தார். எல்லாச் சொல்லுக்கும் ஒரே எடை கொடுக்கக் கூடாது, அரிதாக வரும் சொல்லுக்கே கனம் கூட என்பதுதான் அது.

எங்கட சூழலிலேயே வைத்துப் பார்ப்போம். முஸ்லிம் சமூகம் பற்றிய ஆயிரம் கட்டுரைகள் ஓரிடத்தில் இருக்கின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். ‘முஸ்லிம்’ என்ற சொல் 800 கட்டுரைகளில் வருகிறது, ‘வக்பு’ 10இல் மட்டும் வருகிறது. ஒருவர் ‘முஸ்லிம் வக்பு’ என்று தேடுகிறார். கணக்கு இப்படிப் போகும்: மொத்தத்தை அந்தச் சொல் வரும் கட்டுரைகளின் தொகையால் வகுத்து, மடக்கை எடுக்க வேண்டும். ‘வக்பு’வுக்கு 2 கிடைக்கும். ‘முஸ்லிமு’க்கு 0.1 அளவில்தான் தேறும். இருபது மடங்கு வித்தியாசம். தேடியவரின் மனதில் எந்தச் சொல் முக்கியம் என்று கணினிக்குத் தெரியாது. ஆனாலும் இந்தச் சின்னக் கணக்கு பெரும்பாலும் சரியான பக்கம்தான் சாய்கிறது.

அப்படியென்றால் ‘வக்பு, வக்பு’ என்று நூறு தடவை எழுதி வைத்தால் மேலே வந்துவிடலாமே என்று கேட்பீர்கள். அதுக்கும் வழி பார்த்தார்கள். 1990களில் லண்டன் சிட்டி பல்கலைக்கழகத்தில் ஸ்டீபன் ரொபர்ட்சனும் கூட்டாளிகளும் உருவாக்கிய பீஎம்25 என்ற சூத்திரத்தில், வழமையான அளவுகோலின்படி, ஒரு சொல் ஒரு தடவை வந்தால் 1 புள்ளி என்றால், பத்துத் தடவை வந்தால் ஏறத்தாழ 2. எத்தனை தடவை வந்தாலும் 2.2ஐத் தாண்டாது. நீளமான கட்டுரையில் எந்தச் சொல்லும் கூடுதலாக வரத்தானே செய்யும், ஆகவே நீளத்துக்கும் ஒரு கழிவு உண்டு. இவ்வளவு காலம் கழித்தும் பல நூலகத் தேடல்களுக்குள் ஓடிக்கொண்டிருப்பது இந்தச் சூத்திரம்தான்.

1998இல் ஸ்டான்போர்டிலிருந்து செர்கே பிரினும் லரி பேஜும் இன்னொன்றைச் சேர்த்தார்கள். ஒரு பக்கத்துக்கு வேறு எத்தனை பக்கங்கள் இணைப்புக் கொடுத்திருக்கின்றன, அப்படிக் கொடுத்தவை எவ்வளவு மதிப்புள்ளவை என்று பார்ப்பதே அது. கூகுள் வளர்ந்தது இந்த அடித்தளத்தில். இன்று சொல்லை விட்டுப் பொருளையே ஒப்பிடும் முறைகளும் வந்துவிட்டன. அவை நிறையத் தரவுள்ள மொழிகளில்தான் நன்றாக வேலை செய்கின்றன.

இவற்றில் எதுவும் ஒரு கட்டுரை உண்மையா, ஆசிரியர் விஷயம் தெரிந்தவரா என்று நேரடியாகக் கேட்பதில்லை என்பதைக் கவனியுங்கள். சொல் எண்ணிக்கை, அரிதான தன்மை, இணைப்பு எல்லாமே தகுதிக்குப் பதிலாக வைத்த அடையாளங்கள். நாங்களோ வரிசையைத் தகுதியாகவே எடுத்துக்கொள்கிறோம். 2005இல் வெளியான கோர்னெல் பல்கலைக்கழக ஆய்வொன்றில், தேடல் முடிவுகளின் வரிசையை மாணவர்களுக்குத் தெரியாமல் மாற்றி வைத்துப் பார்த்தார்கள். அப்போதும் மேலே இருந்ததையே அதிகம் பேர் அழுத்தினார்கள். அழுத்தல்களையும் அளவாக எடுத்துக்கொள்ளும் இயந்திரத்தில் மேலே இருப்பது மேலும் மேலே போகும். கீழே கிடப்பதை யாரும் தொடுவதில்லை, அது அங்கேயே கிடக்கும்.

தமிழுக்கு இதில் தனிக் கஷ்டம் இருக்கிறது. ‘நோன்பு’ என்று தேடினால் ‘நோன்பில்’, ‘நோன்புக்கு’, ‘நோன்பைப் பற்றி’ எல்லாம் அகப்பட வேண்டும். வேற்றுமை உருபைக் கழித்துப் பார்க்கத் தெரியாத தேடலுக்கு இவை வெவ்வேறு சொற்கள். எங்களுக்கோ அதற்கு மேல் அறபுப் பெயர்களின் பிரச்சினை. ரமழான், ரமளான், ரமலான், றமழான். நாலும் ஒன்று என்பது எங்கட வீட்டுப் பிள்ளைக்கும் தெரியும், எழுத்தை எண்ணும் இயந்திரத்துக்குச் சொல்லிக் கொடுத்தால்தான் தெரியும். பெரிய தேடுபொறிகள் மக்கள் தேடும் பழக்கத்திலிருந்து சிலவற்றைக் கற்றுக்கொண்டுள்ளன. சிறிய நூலகப் பட்டியல்களில் அதை எதிர்பார்க்க முடியாது. அரிதான சொல்லுக்குக் கனம் கூட என்றேன் அல்லவா? எங்கள் ஆய்வாளர்கள் தேடும் சொற்களில் அதிகமானவை அரிதானவைதான். ஆனால் அந்தக் கனம் நாலு எழுத்துக்கூட்டல்களாகச் சிதறிப் போனால், தேடியவருக்குக் கிடைப்பது அதில் ஒரு பங்குதான்.

இன்னும் மோசம் பழைய இதழ்களின் நிலை. இலங்கையில் நீண்டகாலம் பாமினி எழுத்துருவில்தான் தட்டச்சு செய்தோம். திரையில் ‘தமிழ்’ என்று தெரியும். உள்ளே கணினியிடம் இருப்பதோ நாலு ஆங்கில எழுத்தும் ஓர் அரைப்புள்ளியும். படமாக ஸ்கேன் செய்து ஏற்றியவற்றுக்கு உள்ளே எழுத்தே இல்லை. ஆக, ஒரு நல்ல கட்டுரை இணையத்தில் ‘இருந்தும்’ எந்த வரிசையிலும் நிற்காது. சூத்திரம் அதைத் தள்ளிவிடவில்லை, அதன் கண்ணில் அது படவேயில்லை.

இதழ் நடத்துகிறவர்கள் இன்றைக்கே செய்யக்கூடியவை சில உண்டு. ஸ்கேன் படத்தோடு தலைப்பையும் ஆசிரியர் பெயரையும் நாலு வரிச் சுருக்கத்தையும் யூனிகோடில் தட்டிப் போடலாம். பெயர்களின் மாற்று எழுத்துக்கூட்டல்களை ஒரு வரியில் சேர்க்கலாம். ஒரு கட்டுரை முந்தைய கட்டுரையைக் குறிப்பிட்டால் அதற்கு இணைப்புக் கொடுக்கலாம். இதிலாவது நாங்கள் கஞ்சத்தனம் பார்க்கக் கூடாது. பாமினியை யூனிகோடுக்கு மாற்றும் கருவிகள் இலவசமாகவே கிடைக்கின்றன. மாற்றிய பிறகு ஒருவர் இருந்து பிழை பார்க்க வேண்டும், முதலில் அறபுப் பெயர்களை.