முதலெழுத்து மட்டும் மிஞ்சினால்

உ.வே.சா. என்று எழுதினால் தமிழ் படித்தவர் எவரும் நின்று யோசிப்பதில்லை. உத்தமதானபுரம் வேங்கடசுப்பையர் சாமிநாதையர் என்ற முழுப்பெயர் தெரியாதவருக்குக்கூட, சுவடி தேடி ஊர் ஊராக அலைந்த அந்தப் பெரியவர் நினைவுக்கு வந்துவிடுவார். இதே மூன்று எழுத்துகளைத் தமிழ் உலகமே அறியாத ஒருவரிடம் கொடுத்து, இவை யாரைக் குறிக்கின்றன என்று கேட்டால் என்ன செய்வார்? எத்தனை அகராதிகளைப் புரட்டினாலும் விடை கிடைக்காது. சொற்களைச் சுருக்கி முதலெழுத்தாக்குவது நொடி வேலை. முதலெழுத்தை விரித்து அதே சொற்களை மீட்பது, அவற்றை முன்பே அறிந்தவருக்கு மட்டுமே கைகூடும்.

தெற்கு ஆஸ்திரேலியாவின் அடிலெய்டு நகரம் எழுபது ஆண்டுகளுக்கும் மேலாக இந்தச் சிக்கலோடுதான் மல்லுக்கட்டி வருகிறது.

1948 டிசம்பர் 1. அடிலெய்டை ஒட்டிய சோமர்டன் கடற்கரையில், தடுப்புச் சுவரில் தலை சாய்ந்தபடி ஓர் ஆண் இறந்து கிடந்தார். நல்ல கோட்டும் சூட்டும் அணிந்திருந்தார். பாதி புகைத்த சிகரெட் ஒன்று கோட்டின் காலர் மேல் கிடந்தது. உடைகளில் இருந்த அடையாளச் சீட்டுகள் நீக்கப்பட்டிருந்தன. பையில் பணப்பையும் இல்லை, பெயரைக் காட்டும் தாளும் இல்லை. பிரேதப் பரிசோதனை செய்தும் இறப்புக்குக் காரணம் உறுதியாகவில்லை. 1949 ஜனவரியில் அடிலெய்டு ரயில் நிலையத்தில் அவருடையது என்று கருதப்பட்ட பெட்டி ஒன்று கிடைத்தது. அதிலிருந்த கழுத்துப்பட்டையில் ‘டி. கீன்’ என்ற பெயர் இருந்தது. அந்தப் பெயரில் காணாமல் போனவர் எவரையும் காவல்துறையால் கண்டுபிடிக்க முடியவில்லை.

பிறகு, கால்சட்டையின் சிறு உள்பையில் சுருட்டி வைக்கப்பட்டிருந்த காகிதத் துண்டு ஒன்று அகப்பட்டது. அதில் ‘தமாம் ஷுத்’ என்று அச்சிட்டிருந்தது. பாரசீக மொழியில் ‘முடிந்தது’ என்று பொருள். உமர் கய்யாமின் ருபாயத்தை எட்வர்ட் ஃபிட்ஸ்ஜெரால்டு ஆங்கிலத்தில் தந்த நூலின் கடைசிப் பக்கத்திலிருந்து கிழித்த துண்டு அது. கவிமணி தேசிக விநாயகம் பிள்ளை தமிழில் தந்த உமர் கய்யாமும் ஃபிட்ஸ்ஜெரால்டு வழியாக வந்ததுதான் என்பதால், இந்த நூல் நமக்கும் அந்நியமில்லை. 1949 ஜூலையில் அந்தப் புத்தகமே காவல்துறையின் கைக்கு வந்தது. பக்கத்து ஊரான கிளெனெல்கில், ஒருவருடைய காருக்குள் அதை யாரோ போட்டுவிட்டுப் போயிருந்தார்கள். கடைசிப் பக்கம் கிழிந்திருந்தது.

அதன் பின்னட்டையில், வேறொரு தாளை மேலே வைத்து எழுதியபோது பதிந்தது போன்ற தடங்கள் இருந்தன. அவற்றிலிருந்து படித்தெடுத்தவை ஐந்து வரி ஆங்கிலப் பெரிய எழுத்துகள். இரண்டாம் வரி அடிக்கப்பட்டிருக்கிறது. மீதி நான்கு வரிகளில் 9, 11, 11, 13 என மொத்தம் 44 எழுத்துகள். சொல் இல்லை, இடைவெளி இல்லை. முதல் எழுத்து ‘எம்’மா ‘டபிள்யூ’வா என்பதே தெளிவில்லை.

இந்த எழுத்துகளை வெறும் கிறுக்கல் என்று தள்ளிவிடவும் முடியாது. அடிக்கப்பட்ட வரியும் நான்காம் வரியும் ஒரேமாதிரி ‘எம், எல், ஐ, ஏ’ என்று தொடங்குகின்றன. எழுதியவர் ஒரு வரியைத் தவறவிட்டு அடுத்ததைத் தொடங்கி, தவறு தெரிந்ததும் அடித்துவிட்டு, உரிய இடத்தில் மறுபடி எழுதியிருக்கிறார் என்றே படுகிறது. மனத்தில் ஒழுங்கான வரிசை ஒன்று இருந்தால்தான் இப்படிப்பட்ட தவறு நேரும்.

இன்னொரு தடயமும் உண்டு. ஆங்கிலத்தில் மிக அதிகமாகப் புழங்கும் எழுத்து ‘ஈ’. சாதாரண உரைநடையில் 44 எழுத்துகளுக்கு ஐந்தாறு முறையாவது அது வந்தாக வேண்டும். இங்கே ஒரே ஒரு முறைதான் வருகிறது. ‘ஏ’ மட்டும் எட்டு முறை. ஆகவே இது எழுத்துகளை மாற்றிக் கலைத்துப்போட்ட செய்தி அல்ல. சொற்களின் முதலெழுத்துகளை மட்டும் எண்ணினால் ஆங்கிலத்தில் ‘ஈ’ பின்னுக்குப் போய்விடும். ‘ஏ’ முன்னுக்கு வரும். சோமர்டன் எழுத்துகளும் அப்படித்தான் நடந்துகொள்கின்றன. அன்றைய கடற்படை உளவுத் துறையினரும் இதே முடிவுக்குத்தான் வந்தார்கள்.

முதலெழுத்துகள் என்று ஒப்புக்கொண்டதும் ஆளாளுக்கு விரிக்கத் தொடங்கினார்கள். அவற்றுள் பேர்பெற்றது ஓய்வுபெற்ற துப்பறிவாளர் ஜெரி ஃபெல்டஸ் சொன்னது. இந்த வழக்கைப் பற்றி ஒரு நூலே எழுதியவர் அவர். ‘தெற்கு ஆஸ்திரேலியாவின் மோஸ்லி தெருவுக்குக் குடிபெயரும் நேரம் வந்துவிட்டது’ என்ற பொருளில் கடைசி வரியை அவர் ஆங்கிலத்தில் விரித்தார். கிளெனெல்கில் மோஸ்லி தெரு உண்டு. புத்தகத்தின் பின்னட்டையில் ஒரு தொலைபேசி எண்ணும் இருந்தது; அதற்கு உரிய பெண்ணின் வீடும் அந்தத் தெருவில்தான் இருந்தது. படிப்பவருக்கு மயிர்க்கூச்செறியும். ஆனால் எண்ணிப் பார்த்தால், 13 எழுத்துகளில் 9 மட்டுமே இந்த வாக்கியத்துக்குள் அடங்குகின்றன. கடைசி நான்கு எழுத்துகள் வெளியே நிற்கின்றன.

நான்கு எழுத்து மிஞ்சுகிறது என்பதைவிடப் பெரிய குறை வேறொன்று. வாக்கியத்தை நாமே புனையலாம் என்றால் எந்த எழுத்து வரிசைக்கும் ஒரு வாக்கியம் கிடைத்துவிடும். ஒவ்வொரு எழுத்திலும் ஆயிரக்கணக்கான சொற்கள் காத்திருக்கின்றன; எது நம் சந்தேகத்துக்குத் தோதாக இருக்கிறதோ அதை எடுத்துக்கொள்ளலாம். இறந்தவரை ஒற்றன் என்று நம்புகிறவருக்கு ஒற்றுச் செய்தி வரும், காதலன் என்று நம்புகிறவருக்குக் காதல் கடிதம் வரும்.

அடிலெய்டு பல்கலைக்கழகப் பேராசிரியர் டெரக் அபாட்டும் அவருடைய பொறியியல் மாணவர்களும் 2009 முதல் வேறு வழியில் போனார்கள். வாக்கியத்தைப் புனைய வேண்டாம், ஏற்கெனவே அச்சில் இருப்பதில் தேடுவோம் என்பது அவர்கள் எண்ணம். பழைய நூல்களைக் கணினியில் ஏற்றி, ஒவ்வொரு சொல்லின் முதலெழுத்தையும் பிரித்து நீண்ட சரமாகக் கோத்து, அதில் சோமர்டன் வரிகள் எங்காவது தென்படுகின்றனவா என்று பார்த்தார்கள். ருபாயத்தையும் பைபிளையும் சோதித்தார்கள். எந்த மொழியின் முதலெழுத்துகளோடு இவை ஒத்துப்போகின்றன என்றும் ஒப்பிட்டார்கள். ஆங்கிலமே பொருந்தி வந்தது. மது அருந்தியவர்களையும் அருந்தாதவர்களையும் மனம்போன போக்கில் எழுத்துகளை எழுதச் சொல்லி அவற்றோடும் ஒப்பிட்டார்கள். சோமர்டன் எழுத்துகள் அவற்றைப் போல் இல்லை.

இந்த வழியின் நேர்மை பாராட்டத்தக்கது. நூறு வருடத்துக்கு முன் அச்சான ஒரு தொடர், இன்று தேடுபவருடைய ஆசைக்கு வளைந்து கொடுக்காது. பொருந்தினால் பொருந்தும், இல்லையென்றால் இல்லை.

ஆனாலும் எவ்வளவு நீளம் பொருந்துகிறது என்பதில் எல்லாம் இருக்கிறது. 26 எழுத்துகளும் சம அளவில் வருகின்றன என்று வைத்துக்கொண்டால், நான்கெழுத்துச் சரங்கள் 4,56,976 வகை. கிங் ஜேம்ஸ் பைபிளில் ஏறத்தாழ 7 லட்சத்து 80 ஆயிரம் சொற்கள் உள்ளன. ஆகவே எந்த நான்கெழுத்தைக் கொடுத்தாலும் அந்த ஒரே நூலில் ஒன்றிரண்டு இடத்தில் அகப்பட வாய்ப்புண்டு. அதற்கு ஒரு பொருளும் இல்லை. முதல் வரியில் உள்ள ஒன்பது எழுத்துகளை எடுத்தால் வகைகள் 5 லட்சத்து 42 ஆயிரம் கோடியைத் தாண்டிவிடும். அந்த ஒன்பதும் ஒரு பழைய நூலில் தொடர்ச்சியாக வந்திருந்தால், அதுவும் இறந்தவர் படித்திருக்கக்கூடிய நூலாக இருந்தால், அதைத் தற்செயல் என்று ஒதுக்க முடியாது. கூகுள் தன் நூல் தொகுப்பிலிருந்து திரட்டித் தரும் சொற்றொடர்த் தரவோ ஐந்து சொற்களோடு நின்றுவிடுகிறது. ஐந்து சொல் நீளத்தில் பொருத்தங்கள் குவிந்து கிடக்கும். அவற்றுள் எது உண்மையானது என்று சொல்ல வழியில்லை. முழு வரிக்கும் பொருந்தி எல்லோரும் ஏற்கும் தொடர் எந்த நூலிலும் அகப்படவில்லை.

முதலெழுத்துகளை யாராலும் படிக்கவே முடியாது என்று இதற்குப் பொருளல்ல. ரோமானியக் கல்லறைகளில் ‘டி, எம்’ என்ற இரண்டு எழுத்துகள் ஆயிரக்கணக்கில் உள்ளன. ‘மறைந்தோரின் ஆவிகளுக்கு’ என்று பொருள்படும் லத்தீன் தொடரின் முதலெழுத்துகள் அவை. இன்று யாரும் தடுமாறாமல் படிக்கிறார்கள். காரணம், வேறு கற்களில் அதே தொடர் முழுமையாக வெட்டப்பட்டிருக்கிறது. பலர் பலமுறை சொன்ன தொடர் என்பதால் சுருக்கம் பிழைத்தது.

இங்கிலாந்தின் ஸ்டாஃபோர்ட்ஷயரில் உள்ள ஷக்பரோ மாளிகைத் தோட்டத்தில் அதே ‘டி, எம்’ ஒரு நினைவுச் சின்னத்தில் இருக்கிறது. 18ஆம் நூற்றாண்டில் எழுப்பியது. பூசான் என்ற பிரெஞ்சு ஓவியரின் படத்தைப் பார்த்துச் செதுக்கிய சிற்பத்தின் கீழே அந்த இரண்டு எழுத்துகள், அவற்றுக்குச் சற்று மேலே ‘ஓ, யூ, ஓ, எஸ், வி, ஏ, வி, வி’ என்று எட்டு எழுத்துகள். கீழே உள்ள இரண்டையும் ரோமானிய வழக்கு என்று ஊகிக்கலாம். மேலே உள்ள எட்டும் வேறெந்தக் கல்லிலும் இல்லை. இரண்டாம் உலகப் போரில் பிளெட்ச்லி பூங்காவில் ரகசியச் செய்திகளை உடைக்கும் பணியில் இருந்தவர்களும் 2004-இல் வந்து பார்த்தார்கள். ஆளுக்கொரு விடைதான் மிச்சம்.

சோமர்டன் மனிதருக்கு ஒரு பெயர் கிடைத்ததும் எழுத்துகளால் அல்ல. 1949-இல் அவர் முகத்திலிருந்து எடுத்த பிளாஸ்டர் வார்ப்பில் சில முடிகள் ஒட்டியிருந்தன. அவற்றின் மரபணுவைக் கொண்டு, அமெரிக்க மரபுவழி ஆய்வாளர் கொலீன் ஃபிட்ஸ்பாட்ரிக்குடன் சேர்ந்து, 2022 ஜூலையில் அபாட் தம் முடிவை அறிவித்தார். இறந்தவர் கார்ல் வெப். 1905-இல் மெல்போர்னின் ஃபுட்ஸ்கிரேயில் பிறந்தவர். மின் பொறியாளர், கருவிகள் செய்பவர். இது காவல்துறை தந்த முடிவு அல்ல, அபாட் குழுவின் முடிவு. ஆனால் வெப்பின் சகோதரியை மணந்தவர் பெயர் தாமஸ் கீன். கழுத்துப்பட்டையில் இருந்த ‘டி. கீன்’ அங்கே வந்து சேர்கிறது. ஒரு பெயரின் முதலெழுத்து இத்தனை காலம் கழித்து விரிந்தது, அந்தக் குடும்பம் எது என்று தெரிந்ததால்தான்.

வெப் கவிதை படிப்பவர், எழுதுபவரும்கூட. குதிரைப் பந்தயத்தில் பணம் கட்டும் பழக்கமும் அவருக்கு இருந்தது. அந்த எழுத்துகள் பந்தயக் குதிரைகளின் பெயர்களாக இருக்கலாம் என்பது அபாட்டின் ஊகம். கவிதை வரிகளாக இருந்தாலும் அவை அவரே எழுதியவையாக இருக்கக்கூடும். அப்படியானால் எந்த நூலகத்திலும் கிடைக்கப்போவதில்லை. அந்தப் புத்தகமும் இன்று இல்லை. எழுத்துகளின் புகைப்படம் மட்டும் இருக்கிறது. வெப்பின் கையெழுத்தில், அதே வரிகளை முழுச் சொற்களாகக் காட்டும் இன்னொரு தாள் கிடைக்கும்வரை, யார் எந்த வாக்கியத்தைக் கொண்டுவந்து காட்டினாலும் அதைத் தீர்வு என்று ஏற்பதற்கில்லை.