குத்ரேமுக்: சுரங்கம் போனது, கூட்டம் வந்தது

இரும்புத் தாது வெட்டுவதை உச்ச நீதிமன்றம் நிறுத்தியது. இப்போது இந்த மலையைக் காப்பாற்ற வேண்டியது அதை நேசிப்பவர்களிடமிருந்து.

வெள்ளிக்கிழமை இரவு பத்து மணிக்கு மேல் பெங்களூர் மெஜஸ்டிக் பஸ் நிலையத்துக்குப் போனால் அவர்களை எளிதில் அடையாளம் கண்டுகொள்ளலாம். முதுகில் பெரிய பை, காலில் கனத்த ஷூ, கையில் மழைக்கோட்டு. திங்கட்கிழமை காலை மறுபடி கம்ப்யூட்டர் முன்னால் உட்கார வேண்டியவர்கள். நடுவில் இருக்கும் இரண்டு நாட்களுக்குள் ஒரு மலையை ஏறி இறங்கிவிட வேண்டும். பலர் தேர்ந்தெடுக்கும் மலை குத்ரேமுக்.

பெங்களூரிலிருந்து மேற்கே சுமார் 330 கி.மீ. சிக்மகளூர், உடுப்பி, தட்சிண கன்னடா ஆகிய மூன்று மாவட்டங்களில் ஏறத்தாழ 600 சதுர கி.மீ. பரப்பில் விரிந்து கிடக்கிறது குத்ரேமுக் தேசியப் பூங்கா. கன்னடத்தில் 'குதுரெ' என்றால் குதிரை. ஒரு கோணத்திலிருந்து பார்த்தால் சிகரம் குதிரையின் முகம்போலத் தெரிவதால் வந்த பெயர். உயரம் சுமார் 1,890 மீட்டர்.

நடைபயணம் முள்ளோடி என்ற சிற்றூரில் தொடங்குகிறது. அதுவரை ஜீப்பில்தான் போக முடியும். கல்லும் குழியுமான பாதையில் சாதாரணக் கார்கள் ஏறாது. அங்கிருந்து சிகரத்துக்குப் போய்த் திரும்ப சுமார் 20 கி.மீ. நடக்க வேண்டும். வழியில் ஓடைகளைக் கடக்க வேண்டும். 'ஒண்டி மரா' என்று அழைக்கப்படும் ஒற்றை மரத்தைத் தாண்டினால் சுற்றிலும் புல்வெளி. மலையின் மடிப்புகளில் மட்டும் கரும்பச்சைத் திட்டுகளாகச் சோலைக்காடு. நீலகிரியையும் ஆனைமலையையும் பார்த்தவர்களுக்கு இது பழகிய காட்சி. இந்த வகைக் காட்டுக்கு உலகம் முழுவதும் விஞ்ஞானிகள் பயன்படுத்தும் 'ஷோலா' என்ற சொல்லே தமிழின் 'சோலை'யிலிருந்து போனதுதான்.

நடக்க முடியாதவர்களையும் மலை ஏமாற்றுவதில்லை. கார்கலாவிலிருந்து வரும் காட்டுச் சாலையின் ஓரத்திலேயே விழுகிறது கடாம்பி அருவி. சற்றுத் தள்ளி ஹனுமன்குண்டி அருவி. சுமார் 100 அடி உயரத்திலிருந்து பாறை பாறையாகத் தாவி இறங்கும் இதை அடைய, படிக்கட்டுகள் வழியாகப் பள்ளத்துக்குள் இறங்க வேண்டும். ஜூனிலிருந்து செப்டம்பர் வரை அருவிகளுக்கு நல்ல காலம். நடப்பவர்களுக்கு அட்டைக்கடி காலம். நடைக்கு ஏற்றவை அதற்குப் பிந்தைய மாதங்கள்.

பூங்காவின் இதயம் என்று சொல்லத்தக்க இடம் கங்காமூலா. வராக மூர்த்தியும் பகவதி அம்மனும் இருக்கும் குகை ஒன்று இங்கே இருக்கிறது. துங்கா, பத்ரா, நேத்ராவதி ஆகிய மூன்று நதிகளும் இந்த மலையில்தான் பிறக்கின்றன. துங்காவும் பத்ராவும் ஷிமோகா அருகே கூட்லியில் ஒன்று சேர்ந்து துங்கபத்ராவாகி, கிருஷ்ணாவில் கலந்து வங்காள விரிகுடாவுக்குப் போகின்றன. நேத்ராவதி மேற்கே திரும்பி மங்களூரில் அரபிக் கடலில் விழுகிறது. ஒரே மலை இரண்டு கடல்களுக்குத் தண்ணீர் அனுப்புகிறது. சாதாரணப் பயணிகளுக்கு கங்காமூலா குகையைப் பார்க்க அனுமதி எளிதில் கிடைப்பதில்லை.

இந்த நதிகள்தான் மலையைக் காப்பாற்றின என்றும் சொல்லலாம். இங்கே இரும்புத் தாது வெட்டுவதற்காக 1976ல் தொடங்கப்பட்டது பொதுத்துறை நிறுவனமான குத்ரேமுக் அயர்ன் ஓர் கம்பெனி. தலைமை அலுவலகம் பெங்களூரில். வாங்குவதாக இருந்த நாடு மன்னர் ஷா ஆண்ட ஈரான். 1979ல் அங்கே புரட்சி வெடித்தது, ஈரான் விலகிக்கொண்டது. ஆனால் சுரங்கம் நிற்கவில்லை. வேறு நாடுகளுக்குத் தாது போயிற்று. மலையைச் சுரண்டி, பொடியாக்கி, தண்ணீரில் கலந்து, 67 கி.மீ. நீளக் குழாய் வழியாக மங்களூர்த் துறைமுகத்துக்கு அனுப்பினார்கள். கழிவுச் சேற்றைத் தேக்க லக்யா ஓடையின் குறுக்கே சுமார் 100 மீட்டர் உயரத்துக்கு அணை எழும்பியது.

1980களில் வனவிலங்கு ஆய்வாளர் உல்லாஸ் கராந்த் இந்தக் காடுகளில் சிங்கவால் குரங்குகளைப் பற்றி ஆய்வு நடத்தினார். அழிவின் விளிம்பில் இருக்கும் அந்தக் குரங்குகள் இங்கே கணிசமாக வாழ்வது தெரிந்தது. 1987ல் தேசியப் பூங்கா அறிவிப்பு வந்தது. ஒரு பக்கம் பூங்கா, மறுபக்கம் சுரங்கம் என்ற விசித்திரம் பல ஆண்டுகள் நீடித்தது.

சிக்கல், மழையில் இருந்தது. ஆண்டுக்குச் சுமார் 7,000 மி.மீ. மழை கொட்டும் மலை இது. புல்லும் மரமும் பிடித்து வைத்திருக்கும்வரை மண் நகராது. தோல் உரிக்கப்பட்ட மலையில் விழும் மழையோ மண்ணை அப்படியே பத்ராவுக்குள் இழுத்துக்கொண்டு போகும். நாகரஹொளே காட்டில் ரேஞ்சராக இருந்து ஓய்வுபெற்ற கே.எம். சின்னப்பா உச்ச நீதிமன்றத்துக்குப் போனார். நீலகிரி மாவட்டம் கூடலூர்க் காடுகளைக் காக்கக் கோரி 1995ல் தொடரப்பட்ட புகழ்பெற்ற கோதவர்மன் வழக்கின் ஒரு கிளையாகவே இதுவும் விசாரிக்கப்பட்டது. 2002 அக்டோபர் 30ல் தீர்ப்பு வந்தது. 2005ம் ஆண்டின் இறுதியோடு சுரங்கம் மூடப்பட்டது. ஆயிரக்கணக்கானோர் வாழ்ந்த நிறுவனக் குடியிருப்பில் இன்று பல வீடுகள் செடிகொடிகளின் வசம்.

சுரங்கம் போன இடத்துக்கு வந்து சேர்ந்தது கூட்டம். இதுவும் பெங்களூரிலிருந்துதான். செல்போனில் ஒரு படத்தைப் பார்த்த மறுவாரமே அதே பாறையில் நின்று படம் எடுக்க ஆசைப்படும் தலைமுறை. 2024 குடியரசு தின விடுமுறையில் சுப்ரமண்யா அருகே உள்ள குமார பர்வதத்தில் ஆயிரக்கணக்கானோர் குவிந்த காட்சி கர்நாடக அரசை உலுக்கியது. ஆன்லைன் முன்பதிவு இல்லாத நடைபாதைகள் எல்லாம் மூடப்பட்டன. பிறகு 'அரண்ய விஹாரா' என்ற இணையதளம் வந்தது. ஒரு பாதையில் ஒரு நாளைக்கு 300 பேருக்கு மேல் கூடாது என்று வரம்பு வைக்கப்பட்டது. குத்ரேமுக்கில் சிகரத்தில் கூடாரம் அடித்துத் தங்கவும் முடியாது. அன்றே இறங்கிவிட வேண்டும்.

ஊரைவிட்டு 330 கி.மீ. வந்து, சீட்டு இல்லை என்று திருப்பி அனுப்பப்படுபவருக்கு எரிச்சல் வருவது இயல்பு. பல டன் மண்ணை வாரிய இயந்திரங்கள் எங்கே, ஒரு ஜோடி ஷூ எங்கே என்று கேட்கலாம். ஆனால் காரியம் ஒன்றுதான். ஈரப் புல்வெளியில் ஆயிரம் பேர் நடந்தால் புல் வேரோடு போகிறது, பாதை வாய்க்காலாகிறது, அடுத்த மழையில் மண் அதே பத்ராவுக்குப் போகிறது. சேறான பாதையைத் தவிர்க்கப் பக்கத்துப் புல்லில் கால் வைப்பவர் இன்னொரு வாய்க்காலைத் தொடங்கி வைக்கிறார்.

கோடையில் ஆபத்து வேறு. காய்ந்த புல்வெளிக்கு ஒரு பொறி போதும். தேனி மாவட்டம் குரங்கணியில் 2018 மார்ச்சில் மலையேற வந்த 20க்கும் மேற்பட்டோர் காட்டுத்தீயில் கருகியதைத் தமிழகம் மறந்திருக்காது. வரம்பு வைப்பது இந்தியாவின் கண்டுபிடிப்பும் அல்ல. பெரு நாட்டில் மச்சு பிச்சுவுக்குப் போகும் இன்கா பாதையில், சுமைதூக்கிகளையும் வழிகாட்டிகளையும் சேர்த்தே ஒரு நாளைக்கு 500 பேருக்குத்தான் அனுமதி.

வரம்பால் வயிறு பாதிக்கப்படுபவர்களும் இருக்கிறார்கள். ஜீப் ஓட்டுபவர்கள், வழிகாட்டிகள், தங்கள் வீட்டிலேயே பயணிகளுக்கு இடமும் சாப்பாடும் கொடுப்பவர்கள். பூங்காவுக்குள்ளும் அதன் ஓரத்திலும் மலைக்குடியர் போன்ற பழங்குடியினரும் பாக்கு, காபி பயிரிடும் சிறு விவசாயிகளும் வாழ்கிறார்கள். பூங்கா வந்ததும் வெளியேற வேண்டியிருக்குமோ என்ற அச்சம் அவர்களைப் பிடித்துக்கொண்டது. அந்த அச்சம்தான் இந்தக் காடுகளில் நக்ஸல்கள் கால் ஊன்ற உதவியது. 2025 ஜனவரியில் ஆறு பேர் பெங்களூரில் முதலமைச்சர் சித்தராமையா முன்னிலையில் சரணடையும்வரை நீண்டது அந்தக் கதை. 300 பேர் தரும் வருமானம் இந்தக் குடும்பங்களின் கைக்கே போய்ச் சேர்ந்தால், காட்டைக் காப்பதில் அவர்களுக்கும் பங்கு கிடைக்கும். வழிகாட்டி உள்ளூர்க்காரராக இருப்பதும், தங்குவது உள்ளூர் வீட்டில் என்பதும் பயணி தீர்மானிக்கக்கூடிய விஷயங்கள்.

மற்ற விஷயங்களும் எளியவைதான். முன்பதிவு இல்லாமல் புறப்படாமல் இருப்பது, முடிந்தால் சனி, ஞாயிறைத் தவிர்ப்பது, பிளாஸ்டிக்கைத் திருப்பி எடுத்து வருவது, புல்லை மிதிக்காமல் சேற்றிலேயே நடப்பது. சுரங்கத்தை நிறுத்த உச்ச நீதிமன்றம் வரை போக வேண்டியிருந்தது. 301வது ஆள் அடுத்த வாரம் வருவதற்கு அவர் சம்மதித்தால் போதும்.