அரை மில்லிமீற்றரில் நிற்கும் வெடி

புத்தளத்திலிருந்து வடக்கே வண்ணாத்திவில்லுவைத் தாண்டிப் போனால் கலா ஓயாவை அண்டி எலுவன்குளம். அதற்கு அப்பால் வில்பத்துக் காடு. வயலும் கஜுத் தோட்டமும் காட்டோடு ஒட்டிக் கிடக்கும் இப்படியான ஊர்களில் துவக்கு என்றால் முதலில் நினைவுக்கு வருவது பயிர்க்காவல்தான். அனுமதிப்பத்திரத்தோடு வைத்திருக்கும் 12 போர் துவக்குக்கு, 1916ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சுடுகலன்கள் கட்டளைச் சட்டத்தின்படி ஆண்டுதோறும் அனுமதியைப் புதுப்பிக்க வேண்டும்.

துவக்கு எந்த வகையானாலும் அதை வைத்திருப்பவர்களின் முறைப்பாடு ஒன்றுதான்: விசை இறுக்கம், இழுக்கும்போது குறி விலகுகிறது. முறைப்பாட்டில் நியாயம் இருக்கிறது. பழைய 303 லீ-என்ஃபீல்ட் ரைபிளின் எடை ஏறத்தாழ 4 கிலோ. அதன் விசையைக் கடைசிவரை இழுக்க 5, 6 இறாத்தல் பலம் வேண்டும். அதாவது ரைபிளின் எடையில் பாதிக்கு மேற்பட்ட பலத்தை ஒரு விரல் கொடுக்க வேண்டும். குழல் அசையாமல் என்ன செய்யும்? அதனால்தான் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் போல்ட் ரைபிள் வைத்திருப்போரில் பலர் வீட்டு மேசையிலேயே விசையைக் கழற்றி 'இலேசாக்க' இறங்குகிறார்கள். போட்டிக்காரர்கள் இலேசான விசைக்குப் பழகியவர்கள். அவர்களுக்கும்கூட சர்வதேச விதி 10 மீற்றர் எயார் பிஸ்டலில் 500 கிராமுக்குக் கீழே போக இடம் தருவதில்லை. 300 மீற்றர் ஸ்டாண்டர்ட் ரைபிளில் எல்லை 1,500 கிராம்.

விசை எதையும் தள்ளி வெடிக்க வைப்பதில்லை. போல்ட்டை இழுத்து மூடும்போதே சுடும் ஊசியின் பின்னாலுள்ள வலிய சுருள்வில் அமுங்கிவிடுகிறது. அது பாய்ந்துவிடாமல் பிடித்திருப்பது 'சியர்' எனப்படும் சிறிய உருக்குப் பல். அந்தப் பல்லுக்கு முட்டுக்கொடுத்து நிற்பது விசை. விரல் செய்வதெல்லாம் அந்த முட்டுக்கட்டையை நகர்த்துவதுதான். நவீன ரைபிளில் இரண்டு உருக்கு விளிம்புகளும் ஒன்றின்மேல் ஒன்று படிந்திருக்கும் நீளம் பெரும்பாலும் அரை மில்லிமீற்றர் அளவு, ஒரு நகத்தின் தடிப்பு. வெடிப்பதற்கும் வெடிக்காததற்கும் நடுவே இருப்பது அவ்வளவுதான்.

வீட்டில் அரம் எடுப்பவர் கைவைப்பது இந்த நகத்தடிப்பில். விளிம்பைத் தேய்த்தால் இழுவை குறையும், உண்மைதான். ஆனால் சியரின் மேற்பரப்பு வெப்பமூட்டிக் கடினப்படுத்தப்பட்டது. பல பாகங்களில் அந்தக் கடினத் தோல் ஒரு மில்லிமீற்றரின் சிறு பங்கு மட்டுமே. அரம் அதைத் தாண்டிவிட்டால் உள்ளே மென்மையான உருக்கு. இன்று சரியாகப் பிடிக்கும் பல், சில நூறு வெடிகளுக்குப் பிறகு மழுங்கிப்போகும்.

கோணத்தின் கதை இன்னும் நுட்பமானது. எண்ணெய் பூசிய உருக்கோடு உருக்கு உரசும்போது உராய்வுக் குணகம் ஏறத்தாழ 0.1. அந்தக் கணக்கில், தொடும் பரப்பு 6 பாகை அளவில் சாய்ந்தாலே வழுக்கத் தொடங்கிவிடும். கையால் அரம் போடும்போது 6 பாகை பிசகுவது பெரிய விஷயமா? அதனால்தான் கைதேர்ந்த துவக்குத் திருத்துநர் பல்லைத் தேய்ப்பதைவிட விசைத் தொகுதியை முழுதாக மாற்றுவதையே விரும்புவார். மாற்றியபின் ரவை இல்லாத துவக்கின் அடிக்கட்டையைத் தட்டிப் பார்ப்பார். தட்டியதும் ஊசி பாய்ந்தால் வேலை சரியில்லை.

பெரிய தொழிற்சாலைக்கே இது பிடிபடாத பாடமாயிற்று. ரெமிங்டன் நிறுவனத்தின் பொறியியலாளர் மைக் வாக்கர் வடிவமைத்த விசை 1948இல் 721 மாதிரியோடு வந்தது. 1962இல் புகழ்பெற்ற 700 மாதிரிக்கும் அதுவே போனது. விசைக்கும் சியருக்கும் நடுவே தனியாக ஒரு சிறு தகடு வைத்திருந்தார். சுடும்போது தகடு விசையைவிட்டு விலகும்; அந்த இடைவெளியில் தூசியோ உறைந்த எண்ணெயோ புகுந்தால் அது தன் இடத்துக்குத் திரும்பாமல் போகலாம் என்பது பின்னாளில் வழக்குகளில் எழுந்த குற்றச்சாட்டு. வாக்கரே 1948இல் விசையைப் பூட்டும் கூடுதல் பாகமொன்றைப் பரிந்துரைத்தார். துவக்கொன்றுக்கு ஆகும் செலவு 5.5 அமெரிக்கச் சதம். நிறுவனம் அதை ஏற்கவில்லை; வடிவமைப்பில் பிழையில்லை என்றே கடைசிவரை வாதிட்டது. ஆனாலும் வழக்காளிகளோடு இணக்கத்துக்கு வந்து, விசையை இலவசமாக மாற்றித்தர ஒப்புக்கொண்டது.

அதைவிட எனக்குச் சுவாரசியமாகப் படுவது அடுத்த விசையின் கதை. பழையதற்குப் பதிலாக வந்த எக்ஸ்-மார்க் புரோ விசை பொருத்திய ரைபிள்களை 2014 ஏப்ரலில் நிறுவனம் திருப்பி அழைத்தது. காரணம், பொருத்தும்போது அளவுக்கு மிஞ்சிப் பூசப்பட்ட ஒட்டுப்பசை. அளவுக்கருவிகளும் பரிசோதகர்களும் உள்ள இடத்திலேயே ஒரு பசைக் கசிவு விசையின் கணக்கைக் குழப்பிவிட்டது.

வில்பத்தை அண்டிய ஊர்களில் போல்ட் ரைபிளைக் காண்பது அரிது. இங்கு வீட்டில் 'திருத்திய' விசை வேறொரு உருவத்தில் இருக்கிறது: கட்டுத்துப்பாக்கி. விரலுக்குப் பதில் விலங்கு நடக்கும் தடத்துக்குக் குறுக்கே ஒரு கம்பி. வைப்பது சட்டவிரோதம். ஆனாலும் பன்றிக்கும் மானுக்கும் வைக்கிறார்கள். தேனெடுக்கவோ விறகுக்கோ போகிறவர் அதில் காலை வைக்கிறார். பன்றியின் உயரத்துக்குக் குறிவைத்திருப்பதால் மனிதருக்குக் காயம் பெரும்பாலும் முழங்காலை ஒட்டியே விழுகிறது. அநுராதபுரம் வைத்தியர்கள் மருத்துவ இதழ்களில் இதைப் பதிவுசெய்திருக்கிறார்கள். யானைக்கும் அடிபடுவது காலில்தான். சில தொன் எடையைத் தாங்கும் எலும்பு முறிந்துவிட்டால் மிருக வைத்தியரால் செய்யக்கூடியது மிகக் குறைவு.

இந்த விசைக்கு அளவு இல்லை, பூட்டும் இல்லை. துருவேறிய பல் எவ்வளவு பிடித்திருக்கிறது என்று கட்டியவருக்கே தெரியாது. கம்பியை இழுத்தால் வெடிக்கும் என்று எல்லோருக்கும் தெரியும். அறுத்தாலோ துவக்கை அசைத்தாலோகூட அந்தப் பல் வழுக்கிவிடலாம். காட்டோரத்தில் அப்படியொரு கம்பி கண்ணில் பட்டால் அதை அகற்றப் போக வேண்டாம். வந்த தடத்திலேயே திரும்பி, இடத்தைப் பொலிஸாருக்கோ வனஜீவராசிகள் திணைக்கள அலுவலகத்துக்கோ சொல்லிவிடுங்கள்.