இராமானுஜன் தவறவிட்ட எண்

ரெம்பியா சந்தையில் 24 மங்குஸ்தீன் பழங்கள் வாங்குகிறீர்கள் என வைத்துக்கொள்வோம். அவற்றை 2, 3, 4, 6, 8 அல்லது 12 பேருக்கு மிச்சமின்றிச் சமமாகப் பங்கிடலாம். கடைக்காரர் ஒரு பழத்தை இனாமாகக் கொடுத்து 25 ஆகிவிட்டால்? ஐவருக்குப் பங்கிடலாம், இல்லையேல் 25 பேருக்கு ஆளுக்கொன்று கொடுக்கலாம். அவ்வளவுதான்.

24-க்கு 1, 2, 3, 4, 6, 8, 12, 24 என எட்டுக் காரணிகள் உள்ளன. 24-ஐவிடச் சிறிய எந்த எண்ணுக்கும் இத்தனை காரணிகள் இல்லை. இப்படித் தன்னைவிடச் சிறிய எல்லா எண்களையும் காரணிகளின் எண்ணிக்கையில் மிஞ்சும் எண்ணை ‘மிகு பகு எண்’ எனலாம்.

1887-இல் ஈரோட்டில் பிறந்த சீனிவாச இராமானுஜன் இவ்வெண்களை ஆராய்ந்து, 1915-இல் ஒரு நீண்ட கட்டுரை வெளியிட்டார். அந்த ஆய்வுக்காகவே கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் 1916-இல் அவருக்குப் பி.ஏ. பட்டம் அளித்தது. கட்டுரையில் 6,746,328,388,800 வரையிலான மிகு பகு எண்களின் பட்டியல் உண்டு. கணினி இல்லாத காலத்தில் தொகுத்த நூறுக்கும் மேற்பட்ட எண்கள் அவை! ஆனால் ஓர் எண் மட்டும் விடுபட்டுப் போனது:

293,318,625,600

இதற்கு எத்தனை காரணிகள்? ஒவ்வொன்றாக எழுதிப் பார்க்க வேண்டாம். எளிய வழி ஒன்று இருக்கிறது. முதலில் 24-ஐப் பகா எண்களின் பெருக்கலாக எழுதுங்கள்: 2³ × 3. ஒரு காரணியை உருவாக்க 2-ஐ 0, 1, 2 அல்லது 3 முறை எடுக்கலாம். அது 4 வழி. 3-ஐ எடுக்கலாம் அல்லது விடலாம். அது 2 வழி. ஆக, 4 × 2 = 8 காரணிகள். அதாவது, ஒவ்வோர் அடுக்குடனும் 1-ஐக் கூட்டிப் பெருக்கினால் போதும்.

நம் எண் இதோ: 2⁶ × 3⁴ × 5² × 7² × 11 × 13 × 17 × 19.

காரணிகள்: 7 × 5 × 3 × 3 × 2 × 2 × 2 × 2 = 5,040.

அடுக்குகளைக் கவனித்தீர்களா? 6, 4, 2, 2, 1, 1, 1, 1. பகா எண் பெரிதாகும்போது அடுக்கு ஒருபோதும் கூடவில்லை. எல்லா மிகு பகு எண்களும் இந்த விதிக்குக் கட்டுப்பட்டவை. ஏன்? 54 = 2 × 3³ என்பதை எடுத்துக்கொள்ளுங்கள். இதற்கும் 8 காரணிகள்தாம். அடுக்குகளை இடம் மாற்றினால் 2³ × 3, அதாவது 24 கிடைக்கும். காரணிகள் குறையவில்லை, எண்தான் சிறிதாகிவிட்டது. எனவே 54 மிகு பகு எண்ணாக இருக்க முடியாது.

இன்னொரு வியப்பு: விடுபட்ட எண்ணை 23-ஆல் பெருக்கிப் பாருங்கள். 6,746,328,388,800 வரும். அதுதான் இராமானுஜனின் பட்டியலில் கடைசி எண்!

ஓர் எண் விடுபட்டதால் அவர் நிறுவிய விதிகள் எதுவும் பொய்யாகவில்லை. ஆயினும், மேதையின் பட்டியலையும் சரிபார்க்கத்தான் வேண்டும். அதற்குத் தேவையான கணிதம் இப்போது உங்கள் கையில் இருக்கிறது. 36, 48, 60 ஆகியவை மிகு பகு எண்களா? பென்சிலை எடுங்கள், நான் சொல்வதை நம்பாமல் நீங்களே கண்டுபிடியுங்கள்.