ஏற்ற பங்கும் இழக்கலாகாத மனச்சாட்சியும்

அம்பத்தூரை அடுத்த மேனாம்பேட்டில் கூடிவரும் சபையொன்றின் இளைஞர்கள், தங்கள் கோடை முகாமில் ‘காவலரும் கைதிகளும்’ என்னும் விளையாட்டை ஒரு பகலும் ஓர் இரவும் நடத்த விரும்பி, நம்முடைய ஆலோசனையைக் கேட்டனர். அதிகாரம் கைக்கு வந்ததும் மனிதன் எவ்வாறு மாறிவிடுகிறான் என்பதைத் தாமே உணர்ந்தறிய வேண்டும் என்பது அவர்கள் நோக்கம். அச்சபையில் அம்பத்தூர்த் தொழிற்பேட்டையின் தொழிலாளரும் மேற்பார்வையாளரும், ஆவடியில் பணிபுரியும் காவல்துறையினரும் ஒரே வரிசையில் அமர்ந்து ஆராதிக்கின்றனர். ஆகவே இவ்வினாவை வெறும் விளையாட்டைப் பற்றியதாக நாம் கருதவில்லை. முகாம்களையும் மறைக்கல்வி வகுப்புகளையும் நடத்தும் ஆயர்களும் இறையியல் மாணவரும் எண்ணிப்பார்க்க வேண்டிய வினா இது.

ஸ்டான்போர்டு ஆய்வு

சமுதாயத்தில் ஒருவர் வகிக்கும் இடத்தையும், அவ்விடத்தில் இருப்பவர் இன்னவாறு நடக்கவேண்டும் என்னும் எதிர்பார்ப்பையும் சேர்த்து உளவியலார் ‘சமூகப் பங்கு’ என்பர். தந்தை, ஆசிரியர், காவலர், ஆயர் என்பன யாவும் பங்குகளே. இப்பங்குகளுக்கு மனிதர் எவ்வளவு தூரம் இணங்கிப் போகின்றனர் என்பதை ஆராய்ந்தவற்றுள் மிகுதியும் பேசப்படுவது, 1971 ஆகஸ்டில் அமெரிக்காவின் ஸ்டான்போர்டுப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் பிலிப் சிம்பார்டோ நடத்திய ஆய்வாகும்.

உடல்நலமும் மனநலமும் உடையவர் எனத் தேர்ந்தெடுக்கப்பட்ட 24 இளைஞருள் கைதி யார், சிறைக்காவலர் யார் என்பது தற்செயல் முறையில் முடிவு செய்யப்பட்டது. நாளொன்றுக்கு 15 டாலர் ஊதியம். உளவியல் துறைக் கட்டடத்தின் நிலவறை சிறையாக மாற்றப்பட்டது. கைதிகள் பெயரால் அன்றி எண்ணால் அழைக்கப்பட்டனர். காவலரோ கண்களை மறைக்கும் கண்ணாடி அணிந்தனர். விரைவிலேயே காவலருள் சிலர் கைதிகளை இழிவுபடுத்தத் தொடங்கினர். ஒரு கைதி இரண்டு நாட்களுக்குள்ளாகவே மனமுடைந்த நிலையில் விடுவிக்கப்பட்டார். இரண்டு வாரங்களுக்குத் திட்டமிடப்பட்ட ஆய்வு ஆறு நாட்களில் நிறுத்தப்பட்டது. சூழ்நிலையும் பங்குமே நல்லவரையும் கொடியவராக்கிவிடும் என்னும் படிப்பினை இதிலிருந்து பெறப்பட்டு, பாடநூல்கள் வாயிலாக உலகெங்கும் பரவியது.

மறு ஆய்வு காட்டியது

ஆயினும் அப்படிப்பினையை இன்று அவ்வாறே ஏற்பதற்கில்லை. சிம்பார்டோ தூர நின்று நோக்கியவரல்லர். அச்சிறையின் கண்காணிப்பாளர் என்னும் பங்கையும் தாமே ஏற்றிருந்தார். பிரெஞ்சு ஆய்வாளர் திபோ லெ டெக்ஸியே அவ்வாய்வின் ஆவணங்களையும் ஒலிப்பதிவுகளையும் ஆராய்ந்து 2019இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். காவலர் எவ்வாறு நடக்கவேண்டும் என்று முன்னரே அறிவுறுத்தப்பட்டதும், கடுமை காட்டத் தயங்கியவர் கடுமையாக நடக்கும்படி தூண்டப்பட்டதும் அதனால் வெளிப்பட்டன. அன்றியும், காவலர் அனைவரும் கொடுமை செய்தாரல்லர்.

2001 டிசம்பரில் ஸ்டீபன் ரைக்கர், அலெக்ஸ் ஹாஸ்லம் என்னும் இருவர், பிபிசி நிறுவனத்தின் துணையோடு இங்கிலாந்தில் இத்தகைய ஒரு சிறையை அமைத்தனர். அங்கே காவலர் தம் அதிகாரத்தைச் செலுத்தத் தயங்கினர். கைதிகளே ஒன்றுபட்டு எழுந்தனர். பங்கு தானாகவே மனிதனை ஆட்கொள்வதில்லை; இது நற்காரியம் என்று தலைவர் சொல்ல, அதனைத் தன்னுடையதாக ஒருவர் ஏற்கும்போதே கொடுமை பிறக்கிறது என்பது இவர்களின் விளக்கம். இவ்விளக்கத்தின்படி பொறுப்பு இருவரிடத்தும் நிற்கிறது. சூழ்நிலையின்மேல் பழியைச் சுமத்தி எவரும் அகன்றுவிட இயலாது.

நம் நாட்டில்

பங்கைப் புகுத்துவதற்குச் சீருடையும் சிறையும் வேண்டுவதில்லை. உத்தரப் பிரதேசத்தின் கிராமப்புறச் சிறுவரிடையே கார்லா ஹாஃப், பிரியங்கா பாண்டே ஆகியோர் நடத்திய ஆய்வின் முடிவுகள் 2006இல் வெளிவந்தன. உயர்சாதியினர் எனப்படுவோர் 321 பேரும் ஒடுக்கப்பட்ட சாதியினர் 321 பேரும் சிக்கல்வழிப் புதிர்களை விடுவிக்குமாறு கேட்கப்பட்டனர். சாதி குறிப்பிடப்படாதபோது இரு சாராரின் திறனிலும் குறிப்பிடத்தக்க வேறுபாடு தோன்றவில்லை. ஒவ்வொரு சிறுவனின் பெயரோடு தந்தை, பாட்டன் பெயர்களும் சாதியும் அனைவர் முன்னிலையிலும் அறிவிக்கப்பட்டபோது, ஒடுக்கப்பட்ட சிறுவரின் திறன் தாழ்ந்தது. சில சொற்களே போதுமாயின!

இவ்வாய்வு நமக்கு ஓர் உண்மையை உணர்த்தியது. ஆயினும் அவ்வுண்மையைக் காண்பதற்காகச் சிறுவர்களின் சாதியை அவர்கள் தோழர் முன் அறிவிக்கலாமா என்னும் வினா எழாமற் போகாது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2017இல் வெளியிட்ட நெறிமுறைகள் சமூக, நடத்தை ஆய்வுகளையும் தம் எல்லைக்குள் கொண்டுள்ளன. சிறுவரை ஆய்வுக்கு உட்படுத்துகையில் பெற்றோரின் ஒப்புதலோடு, விளங்கிக்கொள்ளும் வயதுடைய பிள்ளையின் இசைவும் பெறப்படவேண்டும் என்கின்றன.

நிறுத்தச் சொல்பவர் யார்?

ஸ்டான்போர்டு ஆய்வுக்கும் பல்கலைக்கழகக் குழு முன்னரே அனுமதி அளித்திருந்தது. ஆயினும் தாளில் பெற்ற அனுமதி அம்மாணவரைக் காக்கவில்லை. அண்மையில் முனைவர் பட்டம் பெற்றிருந்த கிறிஸ்டினா மாஸ்லாக் என்னும் பெண்மணி, அச்சிறையைக் காண வந்து, அங்கு நிகழ்வதைக் கண்டு கலங்கி, சிம்பார்டோவை நேரில் கண்டித்தார். அதன் பின்னரே அவர் விழித்துக்கொண்டார். பங்குக்குள் அமிழ்ந்தவருக்குப் பங்குக்கு வெளியே நிற்கும் ஒருவரின் குரல் தேவைப்பட்டது. 2001 ஆய்விலோ, எந்நேரமும் நிறுத்தும் அதிகாரமுடைய தனிக் குழுவொன்று தொடக்கமுதலே அமர்த்தப்பட்டிருந்தது.

பங்குக்கு உள்ளே இருந்துகொண்டே மறுப்பவரும் உண்டு. 2020 ஜூனில் சாத்தான்குளம் காவல் நிலையத்தில் ஜெயராஜ், பென்னிக்ஸ் என்னும் தந்தையும் மகனும் தாக்கப்பட்டு, பின்னர் உயிரிழந்தனர். அந்நிலையத்திலேயே பணியாற்றிய பெண் தலைமைக் காவலர் ஒருவர், அச்சத்தின் நடுவிலும், தாம் கண்டதை நீதித்துறை நடுவரிடம் வாக்குமூலமாகக் கூறினார். சீருடை ஒன்றே, ஆயினும் அவர் தம் மனச்சாட்சியை அதனிடம் ஒப்படைத்துவிடவில்லை.

திருமறையிலும் இதனைக் காண்கிறோம். அந்தியோகியாவில் புறவினத்தாரோடு உண்டுவந்த பேதுரு, எருசலேமிலிருந்து சிலர் வந்ததும் விலகிக்கொண்டார். பர்னபாவும் அவரோடு இழுப்புண்டார். திருத்தூதர்களும் பிறருடைய எதிர்பார்ப்புக்கு இணங்கித் தவறினர் என்பதைக் கலாத்தியர் நிருபம் மறைக்கவில்லை. அவரை எல்லார் முன்பாகவும் எதிர்த்துப் பேச அங்கே ஒரு பவுல் இருந்தார் என்பதையும் அது கூறுகிறது.

நமது விடை

ஆகவே, அவ்விளையாட்டை அவ்வாறு நடத்தலாகாது என்றே இளைஞர்களுக்குக் கூறினோம். முகாமிற்கு வரும் பதினைந்து வயதுப் பிள்ளை அண்ணன்மாரிடம் ‘எனக்கு வேண்டாம்’ என்று சொல்லத் துணியுமா? இரவு முழுதும் இழிவுபட்டபின் மறுநாள் அவர்களோடு ஒரே பந்தியில் அமருமா? பாடம் கற்பிப்பதற்காக ஒரு பிள்ளையைச் சிறுமைப்படுத்த நமக்கு உரிமையில்லை.

மாறாக, அரைமணி நேர நடிப்பு போதும். பங்கேற்பவர் விரும்பி முன்வரவேண்டும்; பெற்றோர் அறிந்திருக்கவேண்டும். எவரும் காரணம் சொல்லாமலேயே விலகலாம் என்பதைத் தொடக்கத்திலேயே உரக்கச் சொல்லவேண்டும். சாதியையோ குடும்ப வறுமையையோ தொடும் பங்குகள் கூடா. நடத்துபவரே நிறுத்துபவராகவும் இருத்தலாகாது. நடிப்பில் சேராத மூத்தவர் ஒருவரிடம் அவ்வதிகாரம் இருக்கவேண்டும். முடிந்தபின் அனைவரும் அமர்ந்து பேசவேண்டும்.

இவ்விதிகளை எழுதியபின் நம்மை நாமே நோக்கினோம். ஆயர் என்பதும் ஒரு பங்கே. மறைக்கல்வி வகுப்பில் கட்டணச் சலுகை பெறும் பிள்ளைகளை நாம் எழுந்து நிற்கச் சொன்னதுண்டா? ‘ஐயர் சொல்லிவிட்டார்’ என்பதற்காகச் சபையார் தமக்குத் தவறென்று பட்டதையும் செய்ததுண்டா? அவ்வேளையில் நம்மை நிறுத்தக்கூடியவர் நம் சபையில் யார் என்பதை, இதனை வாசிக்கும் ஒவ்வோர் ஆயரும், ஆயராகப் போகும் ஒவ்வொரு மாணவரும் பெயர் சொல்லி எண்ணிப் பார்ப்பாராக.